இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

வெள்ளவத்தையில் நான்காம் மாடியில் இருந்துகொண்டு வயலைப் பற்றி எழுதுகிறீர்களே என்று சென்ற மாதம் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். 31 வருடம் விவசாயப் போதனாசிரியராக வரம்பில் நடந்தவன் நான். இப்போது மகள் வீட்டுப் பல்கனியில் ஏழு சாடி. ஏழிலும் பூச்சி இருக்கிறது. தகுதிக்கு அது போதும் என்று நினைக்கிறேன். இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மருந்தடிப்பதைப் பற்றியவை. ஆகவே பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

*

பல்கனியில் இரண்டு சாடி மிளகாய் வைத்திருக்கிறேன். நுனி இலை எல்லாம் சுருண்டுவிட்டது. கடையில் கேட்டேன், ஒரு சின்னப் போத்தலில் மருந்து ஊற்றித் தந்தார்கள். லேபல் இல்லை. பேரன் அந்தப் பல்கனியில்தான் விளையாடுவான். அடிக்கலாமா ஐயா?
– வாசகி, வெள்ளவத்தை

அடிக்காதீர்கள் அக்கா. லேபல் இல்லாத போத்தலில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். அதுவரை தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல் இருக்கும் பக்கம் வைத்துவிடாதீர்கள்.

இனி இலைக்கு வருவோம். சுருண்டிருக்கிறது என்றீர்கள், எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று சொல்லவில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது. இலையின் ஓரம் மேல்நோக்கி மடிந்து தோணி மாதிரி இருந்தால் அது பனிப்பூச்சி. கீழ்நோக்கி வளைந்து, கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருந்து, காம்பும் வழக்கத்தை விட நீண்டிருந்தால் அது சிற்றுண்ணி. சந்தேகமாக இருந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக்கொண்டு நுனியைத் தட்டுங்கள். வைக்கோல் நிறத்தில் சின்னச் சின்னக் கீறல்கள் தாளில் ஓடினால் பனிப்பூச்சிதான். சிற்றுண்ணி வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பேரனிடம் நல்ல பூதக்கண்ணாடி இருந்தால் கடன் வாங்குங்கள்.

இவ்வளவு பார்ப்பது எதற்கு? சிற்றுண்ணி பூச்சியே அல்ல, சிலந்தி வகையறா. பூச்சிக்கென்று செய்த பல மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதைத் தின்று வாழும் சீவன்களைத் துப்புரவாகக் கொன்றுவிடும். பத்து நாள் கழித்துப் பார்த்தால் சிற்றுண்ணி இரண்டு மடங்காகியிருக்கும். "மருந்து பத்தவில்லை" என்று அடுத்த போத்தல் வாங்குவோம்.

இரண்டு சாடிதானே. மிக மோசமாகச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி எறியுங்கள். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவுங்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்ததும், ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரத் திரவமும் நன்றாக அடித்துக் கலந்து, அடிப்பக்கத்தில் படும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து, மறுநாள் இலை கருகவில்லை என்று பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். ஐந்து நாளுக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. பகலில் தெளித்தால் வெயில் வேம்பின் சத்தைக் கெடுத்துவிடும்.

இதற்கும் அடங்காமல், இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றால் அது வைரசாக இருக்கும். வெண் ஈ கொண்டுவந்து சேர்ப்பது. அதற்கு மருந்து எதுவும் கிடையாது. பிடுங்கிவிடுங்கள்.

*

உள்ளியும் கொச்சிக்காயும் அரைத்துத் தெளித்தால் எல்லாப் பூச்சியும் போகும் என்கிறார்களே?
– வாசகர், மருதானை

எல்லாப் பூச்சியும் போகாது. சில நாளைக்குச் சில பூச்சி கிட்ட வராது, உங்கள் கண்ணும் எரியும். மூக்கைக் கட்டிக்கொண்டு தெளியுங்கள்.

*

கத்தரிக்காயில் புழு இருந்தால் மருந்து அடிக்காத காய் என்று அர்த்தம், ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கு என்று அம்மா சொல்வார். சரியா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

அம்மாவின் நல்லெண்ணத்துக்கு மரியாதை. ஆனால் கத்தரிக்காய் விஷயத்தில் இது பிழை பிள்ளை.

அந்தப் புழுவின் வாழ்க்கையைக் கேளுங்கள். அந்துப்பூச்சி இலையிலும் காயின் மூடியருகிலும் முட்டை இடும். பொரித்து வரும் புழு வெளியில் உலாவுவதில்லை. சில மணி நேரத்துக்குள் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய், வந்த வழியைத் தன் எச்சத்தாலேயே அடைத்துவிடும். அதற்குப் பிறகு மேலே என்ன அடித்தாலும் தோலில்தான் படியும், உள்ளே இருப்பவர் சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சந்தையில் நீங்கள் பார்க்கும் பெரிய ஓட்டை, அவர் வளர்ந்து வெளியேறிய ஓட்டை. விவசாயிக்கு இந்தப் புழுவை எட்ட முடியாததால்தான் கத்தரிக்கு மற்ற மரக்கறியை விட அதிகமாக அடிக்கிறார். கிழமைக்கு இரண்டு தரம் அடித்தவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே ஓட்டைக் காயும் மருந்தில் குளித்த காயாக இருக்கலாம்.

இதற்கு நன்றாக வேலை செய்வது கத்திரிக்கோல். செடியில் ஒரு குருத்து மட்டும் வெயிலில் வாடினாற்போல் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. ஓர் அங்குலம் கீழே வெட்டி, வெட்டியதை வரப்பில் போடாமல் எரிக்க வேண்டும் அல்லது ஆழப் புதைக்க வேண்டும். கூடவே பெண் பூச்சியின் வாசனையை வைத்து ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி. ஆனால் ஒரு தோட்டக்காரர் மட்டும் செய்து பக்கத்துத் தோட்டத்தார் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் பாதிப் பலன்தான். பங்களாதேசில் 2014 முதல் இந்தப் புழுவைத் தாங்கும் மரபணு மாற்றிய கத்தரியைப் பயிரிடுகிறார்கள். இந்தியா அதையே 2010இல் நிறுத்திவைத்தது. அது தனிச் சண்டை, இந்தப் பக்கத்துக்குள் அடங்காது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. காலையில் சந்தையில் நின்று பாருங்கள். பெருவிரலால் காயை உருட்டி உருட்டி, தோலில் ஒரு தழும்பு இருந்தாலும் ஒதுக்கி வைக்கிறோம். ஒதுக்கப்பட்டது மாலையில் பாதி விலை. இது கொழும்பிலிருந்து தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்குப் போய், தெளிகருவியாக முதுகில் ஏறுகிறது. தழும்பு ருசியைக் கெடுப்பதில்லை. நான் தழும்புக் காயைத்தான் வாங்குகிறேன். மகளுக்கு அது வெட்கம்.

*

மரக்கறியை மஞ்சள் தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறவைக்கிறேன். போதுமா?
– வாசகி, தெஹிவளை

ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் முக்கியம். மஞ்சளால் பெரிய கூடுதல் நன்மை கிடையாது. கோவாவுக்கு வெளி இலை இரண்டை உரித்தெறியுங்கள். அப்பச்சோடாவுக்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2017இல் இரண்டு பீடைநாசினிகளை அப்பிளில் பூசி, லீற்றருக்குப் பத்துக் கிராம் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். தோலின் மேல் இருந்தது 12 முதல் 15 நிமிடத்தில் போயிற்று. ஆனால் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியதை எதனாலும் எடுக்க முடியவில்லை. இப்போது பாவிக்கும் மருந்துகளில் பல, செடியின் சாற்றோடு உள்ளே ஓடுபவை. அவற்றை உங்கள் குசினியில் கழுவ முடியாது. அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையில் லேபலில் போட்டிருக்கும் நாட்களை விவசாயி விட்டாரா என்பதுதான் கேள்வி.

*

அப்பா கிளிநொச்சியில் வயல் செய்கிறார். நான் இங்கே வங்கி வேலை. விதைத்து 22 நாள். இலைகள் வெள்ளைக் கீறலாகச் சுருண்டிருக்கிற படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பக்கத்து வயல்காரர் அடித்துவிட்டாராம். அப்பாவும் காசு அனுப்பச் சொல்கிறார். அனுப்பவா?
– வாசகர், பம்பலப்பிட்டி

தம்பி, காசை அனுப்புங்கள், மருந்துக்கு என்று அனுப்பாதீர்கள். படத்தில் இருப்பது இலை மடக்கிப் புழு. இலையை நீளவாக்கில் மடித்து, பட்டு நூலால் தைத்து, உள்ளே இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்தில் நின்று பார்த்தால் வயலே வெளுத்த மாதிரி இருக்கும், வயிறு கலங்கும். ஆனால் நெல் முதல் 40 நாளில் இழந்த இலையை ஈடுகட்டிவிடும். புது மட்டம், அதாவது பக்கக் கிளை வெடிக்கும், புது இலை வரும். கதிர் வந்த பிறகு, கதிரை ஒட்டி நிற்கும் கடைசி இலையான கொடி இலையைத் தின்றால்தான் நட்டம். அதற்குள் பெரும்பாலும் குளவிகளும் சிலந்திகளும் புழுவை ஒரு வழி பண்ணிவிடும்.

இதை இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கம். வேலையில் சேர்ந்து இரண்டாவது பெரும்போகம். இதே புழு, இதே 20, 25 நாள் பயிர். ஒரு பெரியவர் மடித்த இலையைக் கொண்டுவந்து நீட்டினார். கையில் சிபாரிசுத் தாள் இருந்தது, வாயில் புது உத்தியோகத்தனின் துணிச்சல் இருந்தது. மொனோகுரோட்டோபொஸ் அடியுங்கள் அப்பு என்றேன். அடித்தார். புழு செத்தது. அவர் எனக்கு ஒரு குலை வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார், நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஐந்து கிழமை போயிருக்கும். அவருடைய வயலின் நடுவில் ஒரு வண்டிச் சில்லளவு வட்டமாக, நெருப்பில் வாட்டியது போல் பழுப்பு. நாலு நாளில் அது கிணற்றளவு ஆனது. பிறகு பல வட்டங்கள். கபிலத் தத்தி, நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. வயல்காரர் வாயில் அறக்கொட்டி. பயிரின் அடியைத் தட்டினால் தண்ணீரில் தவிடு தூவியது போல் விழுந்தது. அடிக்காத பக்கத்து வயலில் தத்தி இருந்தது, வட்டம் இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. வரம்பில் குந்திக்கொண்டு அந்த இரண்டு வயலையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பது எனக்கு விளங்க ஒரு பத்து வருடத்துக்கு மேல் ஆனது. தொண்ணூறுகளில் மகா இலுப்பள்ளமவில் ஒரு பயிற்சி. வகுப்பே வயலில்தான். கிழமைக்கு ஒரு நாள், போகம் முழுவதும். ஆளுக்கு ஒரு ஜாம் போத்தல் தந்தார்கள். ஒரு நெற்பயிரின் அடியையும் சில தத்திகளையும் ஓர் ஓநாய்ச் சிலந்தியையும் உள்ளே போட்டு, வாயை வலைத் துணியால் கட்டிவிட்டு, மறுநாள் எண்ணச் சொன்னார்கள். காலையில் என் போத்தலில் தத்தியே இல்லை, வெறும் தோல் கிடந்தது. ஒரு சிலந்தி நாளைக்கு 5 முதல் 15 வரை தின்னும். இன்னொரு சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சி, தத்தியின் முட்டையையே தேடித் தேடி உறிஞ்சும். அந்த முட்டை இலைமடலின் சதைக்குள் செருகியிருக்கும், மருந்து அதைத் தொடாது. ஆகவே 25ஆம் நாள் அடித்தால் சிலந்தி சாகும், நாவாய் சாகும், வளர்ந்த தத்தி சாகும். முட்டை மட்டும் பிழைத்து, ஒரு கிழமைக்குள் பொரித்து, எதிரியே இல்லாத வயலுக்குள் இறங்கும். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெரியவரைத்தான் நினைத்தேன்.

அப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒரு தடவை வயலுக்குள் குறுக்காக நடந்து, 20 இடத்தில் குனிந்து, பயிரின் அடியைப் பார்க்கட்டும். தத்தியையும் எண்ண வேண்டும், சிலந்தியையும் எண்ண வேண்டும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. தழைத்துக் கறுத்த பயிர்தான் தத்திக்கு விருந்து. அடுத்த போகத்துக்கு விதை எடுக்கும்போது, தத்தியைத் தாங்கும் இனமா என்று போதனாசிரியரிடம் கேட்கட்டும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் எடுக்கலாம். உங்களுக்கு ஒரு சின்னத் தகவல்: கொழும்புக் கடைகளில் பாரம்பரிய அரிசி என்று விற்கும் ரத்து ஹீனட்டி இருக்கிறதே, தத்தியைத் தாங்கும் பிபிஎச் 3 என்ற மரபணுவை உலக நெல் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது அதுதான்.

பக்கத்து வயல்காரர் அடித்ததைப் பற்றி: கவலைப்பட வேண்டியவர் அவர்.

*

இரசாயனத்தை ஒரேயடியாக நிறுத்தினால்தான் விமோசனம். 2021இல் செய்தது சரிதானே? பாதியில் விட்டதுதானே பிழை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

இல்லை ஐயா. நான் மருந்துக்கு எதிரானவன்தான், இருந்தும் இல்லை என்கிறேன். 2021 மே மாதம் வர்த்தமானி வந்தது. இரசாயனப் பசளையும் பீடைநாசினியும் இறக்குமதி செய்யத் தடை. நவம்பரில் தளர்த்தினார்கள். இடையில் ஒரு போகத்துக்குக்கூட ஆயத்தம் இல்லை. மாற்று என்பது ஒரு பொருள் அல்ல, கடையில் இருந்து எடுத்து அந்த இடத்தில் வைக்க. மண்ணில் சேதனம் ஏற வேண்டும், வயலில் சிலந்தி பெருக வேண்டும், விவசாயிக்கு எண்ணிப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் போகங்கள் தேவை. நெல் விளைச்சல் சரிந்து அரிசி இறக்குமதி செய்தோம், தேயிலையும் அடி வாங்கியது. அதைவிடப் பெரிய நட்டம் வேறு: இன்று எந்த ஊரிலும் போய் "மருந்தைக் குறைக்கலாம்" என்று வாயைத் திறந்தால், "2021 மாதிரியா?" என்று சிரிக்கிறார்கள்.

இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்தது. அங்கும் தத்திதான் காரணம். ஆனால் அதோடு நிற்காமல் மானியத்தைப் படிப்படியாக எடுத்தார்கள், 1989இலிருந்து விவசாயிகளுக்கு வயல் பள்ளி நடத்தினார்கள். நான் மகா இலுப்பள்ளமவில் படித்தது அந்தப் பாடத்தைத்தான்.

அவ்வளவு தூரம் போவானேன். நம் நாடே இதைச் சரியாகச் செய்திருக்கிறது, யாரும் பேசுவதில்லை. எல்லாவற்றையும் அல்ல, ஆளைக் கொல்லும் மருந்துகளைத் தெரிந்தெடுத்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். 1995இல் மெத்தமிடோபொஸ், மொனோகுரோட்டோபொஸ். 1998இல் எண்டோசல்பான். 2008 தொடங்கி 2011க்குள் பரகுவாட், டைமெத்தோயேற், பென்தியோன். ஆளில்லா நேரத்தில் ஒரு கோபத்தில் குடித்துவிட்டு உயிர் போன வீடுகள் எத்தனை என்று ஊர்ப்பக்கத்தார் எவரையும் கேளுங்கள். 1995இல் நாட்டில் இலட்சம் பேருக்கு 47 தற்கொலை. 2005இல் 24. விளைச்சல் விழுந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். விழவில்லை.

அந்த 1995 பட்டியலில் நான் பெரியவருக்குச் சொன்ன மருந்தின் பெயரும் இருக்கிறது. கவனித்திருப்பீர்கள்.

*

வீட்டு முற்றத்துப் பப்பாசி முன்பு ஒரு காலம் முழுக்க வெள்ளைப் பஞ்சாகிப் பட்டுப்போனது. பிறகு தானாகவே அந்த நோய் போய்விட்டது. என்ன மாயம்?
– வாசகர், வத்தளை

அது நோயல்ல, பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சரக்கு. இங்கே 2008இல் பிடிபட்டது. சொந்த ஊரில் அதற்கு ஒரு குளவி எதிரி உண்டு, இங்கே வரும்போது அது கூட வரவில்லை. மக்கள் சவர்க்காரத்திலிருந்து மண்ணெண்ணெய் வரை அடித்துப் பார்த்தார்கள். மெழுகுப் பஞ்சுக்குள் எதுவும் இறங்கவில்லை. 2009இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். கடுகைவிடச் சிறியது, ஆளைக் கொட்டத் தெரியாது. வெண்மூட்டுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். உங்கள் முற்றத்துக்கும் அது சொல்லாமல் வந்து போயிருக்கிறது.

மலையகத்தில் இதைவிடப் பழைய கதை உண்டு. தேயிலை இலையைச் சுருட்டும் புழுவுக்கு 1930களிலேயே ஜாவாவிலிருந்து ஒரு குளவியைக் கொண்டுவந்தார்கள். அடங்கிவிட்டது. பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்கென்று டீல்ட்ரின் அடித்தார்கள். குளவி செத்தது, சுருட்டுப் புழு மறுபடி கிளம்பியது. என் பெரியவரின் வயல் கதையேதான்.

*

முருங்கையில் மயிர்க்கொட்டி. மதில் எல்லாம் ஊர்கிறது. மரத்தையே வெட்டச் சொல்கிறார் மனைவி. என்ன செய்வது?
– வாசகர், மட்டக்குளி

மரத்தை வெட்டாதீர்கள், முருங்கை இலைக்கு ஒரு கட்டு என்ன விலை என்று அவரிடமே கேளுங்கள். இந்தப் புழு இரவில் ஏறித் தின்னும், பகலில் இறங்கி அடிமரத்தில் கம்பளம் விரித்த மாதிரிக் கூட்டமாக ஒட்டியிருக்கும். அவ்வளவு வசதியாக ஒரே இடத்தில் நிற்பவரைத் தேடி மரத்தின் உச்சிக்கு மருந்து பீச்சுவது வீண் வேலை. ஊரில் சூள் கட்டிக் கொளுத்திக் காட்டுவார்கள். மட்டக்குளியில் வீடுகள் நெருக்கம், நெருப்பு வேண்டாம். ஒரு பழைய தும்புத்தடியும், சவர்க்காரத் தண்ணீர் நிறைந்த வாளியும் போதும். காலை எட்டு மணிக்குள் சுரண்டி வாளிக்குள் தள்ளுங்கள். முழுக்கைச் சட்டை, கழுத்தில் துவாய், கண்ணாடி. காற்று உங்கள் முகத்துக்கு அடிக்கும் பக்கம் நிற்க வேண்டாம், மயிர் பறந்தால் இரண்டு நாள் சொறிவீர்கள். இரண்டு மூன்று காலை தொடர்ந்து செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டார் மதிலுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் அவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.